ஒரே டிஸ்க்ல அஞ்சு மணி நேரக் கல்யாணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய கல்யாண கேசட்ட எல்லாம் டிவிடியா மாத்தி வெச்சுக்கலாம்னு ஒரு கட்டுரை வந்துச்சு, நல்ல விஷயம்தான், எங்க வீட்டம்மாவே அத வெட்டி ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கா. ஆனா அதுல ஒரு வரி, எத்தனை மணி நேரம் ஓடுற வீடியோவா இருந்தாலும் தரம் குறையாம ஒரே டிஸ்க்ல ஏத்திக்கலாம்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதப் படிச்சுட்டு எனக்கு அன்னிக்கு காபியே இறங்கல. ஒரே டிஸ்க்ல ஏத்தலாம், அது சரி. தரம் குறையாமன்னு யார் சார் சொன்னது?

நான் கும்பகோணம் பக்கம் 1994லேர்ந்து கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தவன். சன்கன் லைட்ட தூக்கிட்டு பொண்ணு மூஞ்சில அடிச்சு அது கண்ண மூடுற வரைக்கும் விடாத கோஷ்டில நானும் ஒருத்தன். விஎச்எஸ் கேசட்டுல ஆரம்பிச்சு, மினி டிவி (Mini DV) டேப்புன்னு டிஜிட்டல்ல பதியற சின்ன டேப்புக்கு மாறி, கம்ப்யூட்டர் வாங்கி மிக்ஸிங் கத்துக்கிட்டு, டிவிடி ரைட்டர் வாங்கி, இப்ப கேமராவ பையன்கிட்ட குடுத்துட்டு கேசட் மாத்துற வேலைய மட்டும் பாத்துக்கிட்டிருக்கேன். அதனால இந்த டிஸ்க் கணக்குல கொஞ்சம் அடி வாங்கின அனுபவம் உண்டு, அந்த உரிமைலதான் எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கணக்கு ரொம்ப சின்னது சார். ஒரு சாதா டிவிடில 4.7 ஜிபி இடம். வீடியோவுல ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டா போவுதோ அதுதான் பிட்ரேட். ஓடுற நேரத்த பிட்ரேட்டால பெருக்கினா ஃபைல் சைஸ். அவ்வளவுதான். டிஸ்க் பெருசாவாது, கல்யாணமும் சின்னதாவாது, அப்ப மாத்த முடியறது பிட்ரேட் ஒண்ணுதான். கடைக்காரங்க மனக்கணக்கா ஒண்ணு வெச்சிருப்போம், 600ஐ மொத்த நிமிஷத்தால வகுத்தா செகண்டுக்கு எத்தனை மெகாபிட்னு விடை வந்துரும், ஓரத்துல கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்கும். 2 மணி நேரம்னா 120 நிமிஷம், 5 மெகாபிட், படம் கண்ணாடி மாதிரி இருக்கும். 3 மணி நேரம்னா 3.3, பரவால்ல, பதமா பண்ணினா நல்லாவே இருக்கும். 5 மணி நேரம்னா 2 மெகாபிட், இங்கதான் சனி பிடிக்கும். சரி, 1 மணி நேரம்தான்னா 10 மெகாபிட் போடலாமான்னா அதுவும் ஆவாது, டிவிடி வீடியோல படத்துக்கு 9.8க்கு மேல போகக்கூடாதுன்னு ஸ்டாண்டர்டே இருக்கு, நாம ரைட் பண்ற டிஸ்க்ல 8க்கு மேல வெச்சாலே பழைய ப்ளேயர் எல்லாம் மூச்சு வாங்கும்.

இதுல ரெண்டு குழி இருக்கு, எல்லாரும் விழுவாங்க. ஒண்ணு, டிஸ்க் மேல 4.7 ஜிபின்னு அச்சடிச்சிருக்கும், கம்ப்யூட்டர்ல போட்டா 4.38ன்னு காட்டும். எத்தனை பேர் எங்கிட்ட, என்ன சார் டூப்ளிகேட் டிஸ்க்கான்னு சண்டைக்கு வந்திருக்காங்க தெரியுமா. டிஸ்க் கம்பெனிக்காரன் 1000, 1000மா எண்றான், கம்ப்யூட்டர் 1024, 1024டா எண்ணுது, இடம் அதே இடம்தான். இத மறந்துட்டு 4.7 ஜிபின்னு ஃபைல ரெடி பண்ணி வெச்சா ராத்திரி 2 மணிக்கு டிஸ்க் பத்தலன்னு மெசேஜ் வந்து நிக்கும்.

ரெண்டாவது குழி சவுண்டு. இத நான் ரொம்ப லேட்டாதான் கவனிச்சேன். மிக்ஸிங் பண்ணி எடுக்கறப்ப ஆடியோவ அமுக்காம அப்படியே விட்டா செகண்டுக்கு 1536 கிலோபிட். 3 மணி நேர வீடியோல அது மட்டுமே 2 ஜிபிக்கு மேல வந்துரும். அதாவது டிஸ்க்ல கிட்டத்தட்ட பாதிய நாதஸ்வரமும் தவுலும், மைக்ல பேரு வாசிக்கறவர் சத்தமுமே தின்னுட்டு போயிரும். அதையே ஏசி3ங்கற சவுண்ட அமுக்கற முறைல 192 கிலோபிட்ல வெச்சா 260 எம்பிக்குள்ள முடிஞ்சிரும், நம்ம வீட்டு டிவி ஸ்பீக்கர்ல ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறவன் இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் ஒரு டிஸ்க் ஃப்ரீயா போட்டுத் தரேன்.

இப்ப நான் வாங்கின அடிய சொல்றேன். 2006ல ஒரு கல்யாணம், பொண்ணோட அப்பா ரொம்ப நல்ல மனுஷன், பேசின காச பேசினபடி குடுத்தாரு. மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு, ரிசப்ஷன், முகூர்த்தம், பந்தி, மறுவீடு எல்லாம் சேத்து 5 மணி நேரம் வந்துச்சு. நான் ரெண்டு டிஸ்க்ல போடறேன்னேன். அவரு, ஏன்ப்பா கடைத்தெருவுல 5 படம் ஒரே டிஸ்க்ல விக்கறானே, உன்னால ஒரு கல்யாணத்த ஒரே டிஸ்க்ல போட முடியாதான்னு கேட்டுட்டாரு. நமக்கு ரோஷம் வந்துருச்சு. போடறேன் சார்னு சொல்லிட்டேன்.

அந்த 5 படம் டிஸ்க்கோட கணக்க அப்ப நான் போட்டுப் பாத்திருக்கணும். 5 படம்னா சுமார் 750 நிமிஷம், 4.7 ஜிபில அத அடைச்சா படமும் சவுண்டும் சேத்தே 0.8 மெகாபிட்தான் வருது. பழைய விசிடிலயே படத்துக்கு 1150 கிலோபிட், சவுண்டுக்கு 224ன்னு இருந்துச்சு, அதனாலதான் ஒரு சினிமா ரெண்டு சிடி மூணு சிடின்னு வந்துச்சு. இது அதவிட கம்மி. ப்ளாட்பாரத்துல வாங்கற டிஸ்க்ல ஹீரோ மூஞ்சி மெழுகு பொம்மை மாதிரி இருந்தா யாரும் கேக்கறதில்ல, காசு அவ்வளவுதான்னு பாத்துட்டுப் போயிருவாங்க. சொந்தப் பொண்ணு மூஞ்சி அப்படி இருந்தா விடுவாங்களா?

நான் என்ன பண்ணேன், 5 மணி நேரம், 2 மெகாபிட், சவுண்டுக்குப் போக மிச்சம் 1.8 சொச்சம், ஃபுல் சைஸ் படம், மொத்த வீடியோவுக்கும் ஒரே பிட்ரேட்னு செட் பண்ணிட்டு படுத்துட்டேன். காலைல டிஸ்க்கும் ரெடி. மண்டப வாசல்ல பேரு எழுதின போர்டு, அப்படியே கத்தி மாதிரி தெரியுது. மொய் எழுதறவர் உக்காந்திருக்காரு, நோட்டுல இருக்கற எழுத்தே படிக்கலாம் போல. பிரமாதம்னு பாதி பாதியா ஓட்டிப் பாத்துட்டு குடுத்து விட்டுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு. வீட்டுக்கு வான்னு கூப்பிட்டாரு. ஹால்ல சொந்தக்காரங்க ஒரு 15 பேரு, டிவி ஓடுது, தாலி கட்டுற இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டிருக்காங்க. கெட்டிமேளம் கொட்டுது, நாலாபக்கமும் அட்சதை பறக்குது, போட்டோக்காரங்க மூணு பேரு ஒரே நேரத்துல ஃப்ளாஷ் அடிக்கறாங்க, கூட்டம் எழுந்து நிக்கறதால என் கேமராவும் ஆடுது. ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னா கட்டம். வெறும் கட்டம். மஞ்சளா நாலு கட்டம், அதுதான் தாலி. சந்தனக் கலர்ல ஆறு கட்டம், அது மாப்பிள்ளை கை. பொண்ணு மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஏதோ ஒண்ணு நெளியுது. பொண்ணோட பாட்டி ஒண்ணு எங்கிட்ட திரும்பி, ஏம்பா தம்பி, இது எங்க வீட்டுக் கல்யாணம்தானான்னு கேட்டுச்சு. கிண்டலா கேக்கல சார், நெஜமாவே கேட்டுச்சு.

அன்னிக்குதான் உக்காந்து இது எப்படி நடந்துச்சுன்னு தேடினேன். டிவிடில இருக்கற எம்பெக்2ங்கற முறைல எல்லா ஃப்ரேமும் முழுசா இருக்காது. நம்ம ஊர் டிவிக்கான பால் (PAL) சிஸ்டத்துல செகண்டுக்கு 25 ஃப்ரேம். அதுல ஒண்ண முழுசா வெச்சுட்டு அடுத்த 14 ஃப்ரேமுக்கு முன்ன பின்ன என்ன மாறுச்சோ அத மட்டும்தான் எழுதி வைக்கும். வாசல் போர்டு மாறவே மாறாது, அதனால எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல, குடுத்த பிட்டு வேஸ்ட்டா கிடக்கும். அட்சதை விழறப்ப ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் போவுது, அதுக்கு மேல ஃப்ளாஷ் அடிச்சா ஒரே நிமிஷத்துல... நிமிஷம் என்ன, ஒரே ஃப்ரேம்ல மொத்தப் படமும் வெள்ளையா மாறி திரும்ப வருது, அப்ப எல்லாத்தையும் புதுசா எழுதணும், ஆனா பிட்டு இல்ல. அந்த 1.8 சொச்சம் மெகாபிட்ட 25ஆல வகுங்க, 8 பிட் சேந்தாதான் ஒரு பைட்ங்கறதால இன்னொரு 8ஆல வகுங்க, ஒரு ஃப்ரேமுக்கு சராசரியா 9 கேபி சொச்சம்தான் வருது. ஆன்லைன் அப்ளிகேஷன்ல ஒட்டற பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கே 20 கேபி, 50 கேபின்னு கேக்கறான், இங்க 9 கேபில தாலி, மாப்பிள்ளை, பொண்ணு, அட்சதை, பின்னாடி நிக்கற பெரியம்மா வரைக்கும் அடைக்கணும். முடியலன்னா அது படத்த சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் தோராயமா ஒரு கலர பூசிட்டுப் போயிரும்.

பந்தில எல்லா இலைக்கும் ஒரே கரண்டி சாம்பார்னு ஊத்திட்டுப் போனா எப்படி, கைக்குழந்தை இலைலயும் வழியும், நாத்து நட்டுட்டு வந்தவன் இலைலயும் பத்தாது. நான் பண்ணது அதுதான். பண்ண வேண்டியது டூ பாஸ் விபிஆர், அதாவது ரெண்டு தடவ ஓட்டி இடத்துக்கு இடம் பிட்ரேட்ட மாத்தற முறை. முதல் தடவ மொத்த வீடியோவையும் ஓட்டிப் பாத்து எங்க ஆட்டம் ஜாஸ்தி எங்க கம்மின்னு குறிச்சு வெச்சுக்கும், ரெண்டாவது தடவதான் எழுதும், வாசல் போர்டுலேர்ந்து புடுங்கி அட்சதைக்குக் குடுக்கும். சராசரி நாம போட்ட கணக்குலயே நிக்கும், அதனால டிஸ்க்கும் சரியா நிறையும். தொந்தரவு என்னன்னா நேரம் டபுள். அப்ப என்கிட்ட இருந்தது பென்டியம் 4, ஒரு கல்யாணத்த டூ பாஸ்ல விட்டா ராத்திரி பூரா ஓடும். 2012 சமயத்துல கரண்ட் கட்டு எங்க பக்கம் என்ன பாடு படுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், 80 பர்சன்ட் வந்திருக்கும், யுபிஎஸ் கீ கீன்னு கத்தும், 20 நிமிஷத்துல அணைஞ்சிரும், திரும்ப முதல்லேர்ந்து. அந்தக் காலத்துல கடைக்காரன் ஒன் பாஸ்ல விட்டுட்டுக் குடுத்தான்னா அவன முழுசா திட்ட எனக்கு மனசு வரல.

சரி, அந்தக் கல்யாணத்த திரும்பப் போட்டுக் குடுக்கலாம்னு டேப்ப தேடினேன். இங்கதான் சார் என் தப்பு. மினி டிவி டேப் விலைக்கு பயந்து டிஸ்க் குடுத்த மறுநாளே அதே டேப்புல ஒரு காதுகுத்து எடுத்துட்டேன். டேப்புலேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்தின ஃபைலும் இல்ல, அந்த ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி புடிக்கும், ஹார்டு டிஸ்க் நிறைஞ்சு போய் அழிச்சாச்சு. தாலி கட்டறதுக்கு 40 நிமிஷம் முன்னாடி வரைக்கும் டேப்புல இருக்கு, அதுக்கப்புறம் ஒரு குழந்தை ஓன்னு அழுவுது. அவரு என்கிட்ட காசு திருப்பிக் கேக்கவே இல்ல. அதுதான் இன்னும் உறுத்துது.

உங்க கட்டுரைல இருந்த இன்னொரு விஷயம், டிஸ்க் போட்டதும் கேசட்ட தூக்கிப் போட்டு வீட்ட சுத்தம் பண்ணலாம்னு. ஐயோ, தயவுசெஞ்சு அத மட்டும் சொல்லாதீங்க. டிஸ்க்ல ஏத்தறப்ப விட்டுப் போன பிட்டு விட்டுப் போனதுதான், பின்னாடி எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் நாலு மஞ்சக் கட்டத்துலேர்ந்து தாலிய வரைஞ்சு குடுத்தா அது வேற யாரோ தாலிதான். கேசட் பூஞ்சை புடிக்காம ஒரு டப்பால போட்டு பரண் மேல நிறுத்தி வைங்க, சோறா கேக்குது.

விஎச்எஸ் கேசட்டுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி இருக்கு, அதையும் சொல்லிடறேன். டிவிடில ஃபுல் சைஸ் 720க்கு 576. ஆனா ஸ்டாண்டர்டுலயே 352க்கு 576ன்னு பாதி அகலத்துக்கும் அனுமதி இருக்கு, ஹாஃப் டி1ன்னு சொல்லுவோம். விஎச்எஸ்ல குறுக்குவாட்டுல இருக்கற விவரமே 240 லைன் சொச்சம்தான், அத 720ல ஏத்தறது அரைப்படி அரிசிய அண்டால வேகவைக்கற கதை. பாதி சைஸ்ல வெச்சா புள்ளிக பாதிதான், அதே பிட்டு ரெண்டு மடங்கா தெரியும். டிவிடி ப்ளேயரே திரும்ப அகலமா இழுத்துக் காட்டிரும், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. 3 மணி நேர கேசட் ஒரே டிஸ்க்ல இப்படி ரொம்ப சுகமா உக்காரும், 4 மணி நேரம் கூட பொறுத்துக்கலாம். ஆனா பழைய கேசட்ல மழை பெய்யற மாதிரி புள்ளி ஓடுமே, வீடியோவ அமுக்கற என்கோடர் சாஃப்ட்வேருக்கு கல்யாணம் எது புள்ளி எதுன்னு தெரியாது, பாவம் எல்லாப் புள்ளியையும் ஒழுங்கா எழுத பாத்து பிட்ட பூரா அதுல கரைச்சிரும். அதனால முதல்ல லேசா நாய்ஸ் ஃபில்டர் போடணும், லேசாதான், ஜாஸ்தி போட்டா பட்டுப்புடவை ஜரிகை எல்லாம் நைலக்ஸ் ஆயிரும். அடில ஓரமா ஒரு கோடு நெளியுமே அத கறுப்பு பட்டை வெச்சு மூடிட்டாலும் கொஞ்சம் பிட்டு மிச்சம்.

வெட்டலாமேன்னு கேப்பீங்க. வெட்டறதுதான் உண்மைல பெஸ்ட்டு, ஆனா பந்திய வெட்டினா பெரியப்பா வீட்டுல பேச மாட்டாங்க, ரிசப்ஷன் கிஃப்ட் குடுக்கற க்யூவ வெட்டினா ஆபீஸ்காரங்க கோவிச்சுக்குவாங்க. வெட்டக்கூடியது நாங்க போடற எஃபெக்ட்ஸ்தான். ரோஜாப்பூ கொட்டுறது, ஹார்ட்டு சுத்தி வந்து படம் மாறுறது, நட்சத்திரம் தெறிக்கறது, இதெல்லாம் அட்சதை மாதிரியேதான், பிட்ட வாரிக் குடிக்கும். நானே அள்ளி அள்ளிப் போட்டவன்தான், இல்லன்னு சொல்லல.

இன்னொண்ணு, டிஸ்க்க விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க. டிவிடி உள்ளேர்ந்து வெளிய எழுதிக்கிட்டு வரும், கடைசி பகுதி ஓரத்துல போய் நிக்கும், நாம கை வைக்கறதும் கீறல் விழறதும் அங்கதான். கல்யாண டிஸ்க்ல எப்பவும் மறுவீடு சீன்ல வந்து ஸ்டக் ஆவறது ஏன்னு இப்ப புரியுதா? ஒரு 200 எம்பி காலியா விட்டா ஒண்ணும் குடிமுழுகிப் போவாது. மேல பொண்ணு மாப்பிள்ளை போட்டோ ஸ்டிக்கர் ஒட்டறதும் வேணாம், பேலன்ஸ் போயி ஆட்டம் குடுக்கும். 5 மணி நேரம் ஒரே டிஸ்க்லதான் வேணும்னு அடம் பிடிச்சா 8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் இருக்கு, 3.7 மெகாபிட் கிடைக்கும், விலை கூட, சில பழைய ப்ளேயர் எடுக்காது.

என் பையன், எதுக்குப்பா டிஸ்க்க கட்டிட்டு அழுவுற பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கறான். குடுக்கறேன்தான், எச்.264ங்கற வேற அமுக்கற முறைல பண்ணினா அதே தரத்துக்கு பாதி பிட்டு போதும், 16 ஜிபி பென்டிரைவ்ல 6 மணி நேரம் தாராளமா உக்காரும். ஆனா அந்த பென்டிரைவ் ஃபேட்32ங்கற முறைல ஃபார்மேட் ஆகி இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏத்த விடாது, அங்கயும் வந்து நிப்பாங்க, இடம் இருக்கு ஏற மாட்டேங்குது சார்னு. டிவிடி ப்ளேயர் பட்டன் மட்டும் தெரிஞ்ச அம்மாக்களும் அப்பாக்களும் இன்னும் நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு டிஸ்க்தான்.

நான் இவ்வளவு நீளமா எழுதறதுக்கு ஒரு அவசரக் காரணமும் இருக்கு. உங்க கட்டுரை வந்த மறுநாள் திங்கக்கிழமை காலைல ஒருத்தர் கடைக்கு வந்தாரு, கைல ரெண்டு ஈ180, அதாவது 3 மணி நேர விஎச்எஸ் கேசட்டு, சட்டைப் பாக்கெட்ல உங்க பேப்பர் கட்டிங். 1991ல நடந்த அவரோட கல்யாணமாம், ரெண்டும் சேத்து 5 மணி 40 நிமிஷம். ஒரு டிஸ்க்ல போட்டா 1.7 மெகாபிட்தான் வரும், ரெண்டு டிஸ்க்னா ஒவ்வொண்ணுலயும் 3.5 வரும், கேசட்டு ரெண்டு, டிஸ்க்கு ரெண்டு, கணக்கு நேரா இருக்குன்னு சொன்னேன். அவரு கட்டிங்க எடுத்து மேசைல விரிச்சு அந்த வரிய விரலால தொட்டுக் காட்டி, பேப்பர்லயே போட்டிருக்கான், நீங்க ஏன் சார் ரெண்டுக்கு காசு கேக்கறீங்கன்னாரு. நான் எதுவும் சொல்லல. ரெண்டாவது டிஸ்க்குக்கு காசு வேணாம்னு சொல்லிட்டு கேசட்ட வாங்கி வெச்சுட்டேன். இருந்தாலும் அவரு மூஞ்சில சந்தேகம் போகல.

அடுத்த திங்கக்கிழமை டிஸ்க்க வாங்க வரேன்னிருக்காரு. இந்த ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அந்த 'தரம் குறையாம'ங்கறத மட்டும் திருத்தி ரெண்டு வரி போட்டீங்கன்னா நல்லா இருக்கும், அவரு கண்டிப்பா படிப்பாரு.

இப்படிக்கு,
பழைய வீடியோ கடைக்காரன்,
கும்பகோணம்